நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அரிக்கிறது?

“இங்க நாலு பெத்து வளத்தேன், ஒண்ணுக்காவது இப்படி வந்துச்சா? அங்க பொறந்த பேத்திக்கு ஒரு வயசு முடியறதுக்குள்ள கன்னமெல்லாம் செவந்து செதில் செதிலா வந்திருச்சு. இப்ப முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. அந்த ஊரு டாக்டர் என்னடான்னா, அஞ்சு பிள்ளைல ஒண்ணுக்கு இருக்கறதுதான், பயப்படாதீங்கன்றார். அஞ்சுல ஒண்ணா? நம்பற மாதிரி இருக்காடா?”

சித்தியின் பேத்தி இருப்பது சிங்கப்பூரில். டாக்டர் சொன்னது நம்பக்கூடிய கணக்குதான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த ஊரின் 7, 12, 16 வயதுப் பள்ளி மாணவர்கள் 12,323 பேரை எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய ஓராண்டுக்குள் எக்ஸிமா இருந்தவர்கள் 20.8 சதவீதம். ஐந்தில் ஒன்று. சித்தி சந்தேகப்பட்டது நல்லதுதான், ஏனென்றால் அதற்கடுத்த கேள்வி அதைவிடப் பெரியது. அங்கே அஞ்சில் ஒன்று என்றால் இங்கே ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இங்கே வரவே இல்லையா, வந்தும் எண்ணப்படவில்லையா? இதைச் சொல்லி முடிக்க ஒரு டம்ளர் டீ போதாது. பாலைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள் சித்தி.

எக்ஸிமா என்பது பல தோல் அழற்சிகளுக்குப் பொதுப்பெயர். குழந்தைகளிடம் அந்தப் பெயரால் டாக்டர்கள் பெரும்பாலும் குறிப்பது அடோபிக் டெர்மடைடிஸ் என்ற ஒன்றை. நம் பக்கம் கரப்பான் என்று சொல்வதில் இதுவும் அடக்கம். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் வரும். வளர்ந்த பிள்ளைக்கு மடிப்புகளில். பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண் இமை. ஓட்டு வீட்டில் நாலு ஓடு விலகினால் வெயிலும் மழையும் அணிலும் உள்ளே வருவதுபோல, தோலின் மேலடுக்கு சரியாக மூடாதபோது உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடுகிறது, வெளியே இருக்கும் தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகிறது. உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புகிறது, அரிக்கிறது, சொறிந்தால் இன்னும் கொஞ்சம் கிழிகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் இந்தப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

இதை ஊர் ஊராக எண்ணுவது எப்படி? ரத்தத்தில் ஒரு பரிசோதனை வைத்து உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வாயால் கேட்க வேண்டும். பல நாடுகளில் பல டாக்டர்கள் அவரவர் வழியில் எண்ணிக்கொண்டிருந்தவரை ஒரு ஊர்க் கணக்கை இன்னொரு ஊர்க் கணக்கோடு வைத்துப் பார்க்க வழியில்லை. 1991-இல் தொடங்கிய ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வுதான் இதை மாற்றியது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குழந்தைகளிடம் எவ்வளவு என்று உலகம் முழுக்க ஒரே கேள்வித்தாளைக் கொண்டு கேட்பது அதன் திட்டம். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஒருங்கிணைத்தார்கள். 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பதில் சொன்னார்கள்; 13, 14 வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதினார்கள்.

எக்ஸிமாவுக்கான கேள்விகள் எளிமையானவை. குறைந்தது ஆறு மாதம் வந்துவந்து போகிற அரிப்புத் தடிப்பு எப்போதாவது இருந்ததா? கடந்த 12 மாதங்களில் இருந்ததா? முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், கணுக்காலின் முன்பக்கம், பிட்டத்துக்குக் கீழே, கழுத்து, காது, கண்ணைச் சுற்றி, இவற்றில் எங்காவது வந்ததா? இதனால் இரவில் எத்தனை தரம் தூக்கம் கெட்டது? வாரத்தில் ஒரு இரவோ அதற்கு மேலோ விழித்தால் கடுமையான எக்ஸிமா என்று கணக்கு. நோயின் பெயரை முன்னால் வைக்காமல் அடையாளத்தைக் கேட்டது கெட்டிக்காரத்தனம். டாக்டரிடம் போகாத வீட்டிலும் பதில் கிடைக்கும்.

2000-க்குப் பிறகு நடந்த சுற்றின் முடிவுகள் 2009-இல் வந்தன. சின்ன வயதுக்காரர்கள் 60 நாடுகளில் 3,85,853 பேர். பெரிய வயதுக்காரர்கள் 96 நாடுகளில் 6,63,256 பேர். சின்னவர்களில் மிகக் குறைவு எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் ராஜஸ்தானத்து ஜோத்பூரில். 0.9 சதவீதம். மிக அதிகம் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில், 22.5 சதவீதம். 13, 14 வயதுக்காரர்களில் மிகக் குறைவு திபெத்தில், 0.2 சதவீதம். மிக அதிகம் கொலம்பியாவின் பரங்கியாவில், 24.6 சதவீதம்.

“பாத்தியா, நம்ம நாடுதான் கடைசி! நான் சொன்னேன்ல?” என்று சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவசரப்படக் கூடாது. ஜோத்பூரின் 0.9 உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு சதவீதத்துக்குள் எத்தனை விஷயம் ஒளிந்துகொள்ளும் என்று பார்த்துவிட்டுப் பெருமைப்படுவோம்.

முதல் சிக்கல் காலம். “இப்போது இருக்கிறதா”, “இந்த ஒரு வருடத்தில் இருந்ததா”, “வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா” ஆகிய மூன்றும் மூன்று எண்களைத் தரும். எக்ஸிமா வந்துவந்து போவதால் இந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் பல நோய்களைவிட இதில் அதிகம். செய்தித்தாளில் ஒரு நாட்டின் வாழ்நாள் கணக்கையும் இன்னொரு நாட்டின் இன்றைய கணக்கையும் அக்கம்பக்கமாகப் போட்டு, “அங்கே இரண்டு மடங்கு” என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

இரண்டாவது சிக்கல், எதை எக்ஸிமா என்று எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் வயது வந்தவர்களை எடுத்துக்கொள்வோம். 2010-இல் நடந்த அரசாங்கச் சுகாதாரக் கணக்கெடுப்பில் கடந்த ஓராண்டில் எக்ஸிமா இருந்தது என்றவர்கள் 10.2 சதவீதம். அதே கணக்கெடுப்பில் எக்ஸிமாவோடு ஆஸ்துமாவோ மூக்கு ஒவ்வாமையோ சேர்ந்திருப்பவர்களை மட்டும் பிரித்தால் 3.2. பிறகு அடையாளங்களைக் கறாராகக் கேட்டு, 2019-இல் வெளியான ஆய்வில் 7.3. டாக்டர் உறுதிசெய்ததாகவும் இருக்க வேண்டும் என்று இன்னும் இறுக்கிக் கேட்ட 2018 ஆய்வில் 4.9. நாடு ஒன்றுதான். கேள்வியை இறுக்க இறுக்க எண் சுருங்குகிறது. இதில் எது பொய் என்று கேட்காதீர்கள், எல்லாமே அவரவர் கேள்விக்குச் சரியான பதில்கள்.

மூன்றாவது சிக்கல் நம்மைப் போன்ற நாடுகளுக்கே உரியது: சொறி சிரங்கு. அது ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது, வீடு முழுக்கத் தொற்றும், இரவில் அரிப்பு உயிரை எடுக்கும். கேள்வித்தாளில் “அரிப்புத் தடிப்பு, வந்துவந்து போகிறது, தூக்கம் கெடுகிறது” என்று படிக்கிற தாய், பிள்ளையின் சிரங்கு ஞாபகம் வந்தால், ஆமாம் என்று டிக் செய்துவிடுவார். சிரங்கு அதிகமுள்ள இடங்களில் இதே கேள்வித்தாள் தடுமாறுகிறது. மடிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டது இந்தத் தவறைக் குறைக்கத்தான். முழுதாகத் தவிர்க்க அதனால் முடியாது. சிரங்கு பெரும்பாலும் விரலிடுக்கில் தொடங்கும் என்றாலும், அது பரவினால் மடிப்பையும் விடுவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாடப்புத்தகத்தில் எக்ஸிமா சிவப்பு. வெள்ளைத் தோலில் எழுதப்பட்ட சிவப்பு அது. கறுத்த தோலில் அது பழுப்பாக, ஊதாவாக, சாம்பல் பூத்ததாகத் தெரியும். சில சமயம் கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மட்டும் இருக்கும். ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளுத்தோ நிற்கும். சிவப்பைத் தேடுகிற கண்ணுக்கு லேசான எக்ஸிமா தப்பிவிடும், கடுமையானது லேசாகத் தோன்றும். லண்டனில் கறுப்பினக் குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். நம்மூரில் பாட்டிமார் “வேர்க்குரு”, “சூடு”, “சேராத சாப்பாடு” என்று தேங்காயெண்ணெய் தடவி விட்டதில் எத்தனை எக்ஸிமா இருந்ததோ.

மருத்துவமனைக் கணக்கை வைத்து ஊர்க் கணக்குச் சொல்வது இன்னொரு பொறி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குஜராத்திலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகவும் வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அங்கே தோல் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் குழந்தைகளில் ஆசியப் பிள்ளைகள் அதிகமாக இருந்ததால், அவர்களுக்குத்தான் எக்ஸிமா கூடுதல் என்ற எண்ணம் இருந்தது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவமனைக்கு வெளியே போய் 1 முதல் 4 வயதுள்ள குழந்தைகளைப் பார்த்தார்கள். மொத்தத்தில் சுமார் 14 சதவீதம், ஆசியக் குழந்தை, மற்ற குழந்தை என்ற வித்தியாசமே இல்லை. வாசலில் நிற்கும் கூட்டம் ஒரு கணக்கு, ஊரில் இருக்கிற நோய் வேறு கணக்கு. இந்த லெஸ்டர் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: இந்திய வம்சத்துப் பிள்ளைகளுக்கே நூற்றுக்கு ஏறக்குறைய பதினான்கு. நம் ரத்தத்துக்கு இது வராது என்ற எண்ணம் அங்கேயே நொறுங்கிவிடுகிறது.

“அப்ப வித்தியாசமே இல்லைங்கறியா? எல்லாம் கேட்ட கேள்வியில இருக்கற கோளாறுதானா?”

இல்லை. எல்லாப் பிழையையும் கழித்த பிறகும் மீதி இருக்கிறது. அந்த மீதிதான் இத்தனை வருடமாக ஆராய்ச்சிக்காரர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஒரே கேள்விக்கு 0.9 என்றும் 22.5 என்றும் பதில் வர, சிரங்கும் தோல் நிறமும் மட்டும் போதாது.

முதல் சாட்சி பிரிட்டன். அங்கே 1946, 1958, 1970 ஆகிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைக் கூட்டமாகத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். எக்ஸிமா இருந்ததாகச் சொல்லப்பட்டது முறையே 5.1, 7.3, 12.2 சதவீதம். கால் நூற்றாண்டில் இரண்டு மடங்குக்கும் மேல். பெற்றோரின் விழிப்பு கூடியது ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும் மீதிக்கு விளக்கம் வேண்டும். கால் நூற்றாண்டில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது.

இரண்டாவது சாட்சி இன்னும் அழுத்தமானது. லண்டன் பள்ளிகளில் பிள்ளைகளைத் தோல் டாக்டரே பார்த்து எண்ணியதில், கரீபியன் வம்சத்துக் கறுப்பினக் குழந்தைகளில் 16.3 சதவீதம், வெள்ளைக் குழந்தைகளில் 8.7. வம்சக்கூறு என்று சொல்லிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். ஆனால் அந்தக் குடும்பங்கள் கிளம்பிவந்த ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிள்ளைகளை அதே அளவுகோலால் பார்த்தபோது, லண்டனில் வளரும் கரீபியன் பிள்ளைகளுக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. சிங்கப்பூரில் பிறந்த பேத்திக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இடையில் சித்தி பார்த்த வித்தியாசம் இந்த ஜாதிதான். பிறந்து வளர்கிற இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று என்ன? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு காரணம் கையில் வைத்திருப்பார்கள்.

குளிர்தான் என்பார்கள். பொதுவாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. ஐசாக் முடிவுகளையே வைத்து ஆராய்ந்தபோது, பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போக எக்ஸிமா கூடுகிறது, சராசரி வெப்பம் கூடினால் குறைகிறது என்று தெரிந்தது. குளிர்ந்த, வறண்ட காற்றும் வீட்டுக்குள் எரியும் ஹீட்டரும் தோலின் ஈரத்தை உறிஞ்சும், வெயில் ஓரளவு தோல் அழற்சியை அடக்கும். சரி. ஆனால் உச்சத்தில் நிற்கும் இரண்டு ஊரையும் வரைபடத்தில் பாருங்கள். கீட்டோ பூமத்திய ரேகையை ஒட்டி, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். பரங்கியா கரீபியன் கரையில், புழுங்கித் தள்ளும் துறைமுகம். தட்பவெப்பத்தில் ஒன்றுக்கொன்று எந்த ஒட்டும் இல்லை. அடிமட்டத்தில் இருப்பது திபெத், குளிரும் வறட்சியும் அங்கே இருக்கிற அளவுக்கு வேறெங்கே? வானிலைக் கணக்கு சராசரியில் நிற்கிறது, ஊர் ஊராகப் போனால் விழுகிறது.

தண்ணீர்தான் என்பார்கள். போர்த் தண்ணீர் உப்பு என்று புலம்பாத வீடு நம்மிடம் உண்டா? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் 1998-இல் இதைப் பார்த்தார்கள். மிகக் கடினமான தண்ணீர் வருகிற இடங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 17.3 சதவீதம், மென்மையான தண்ணீர் வருகிற இடங்களில் 12. எக்ஸிமா உள்ள பிள்ளைகளின் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்தால் குணமாகும் அல்லவா? 336 குழந்தைகளை வைத்து அதையும் சோதித்தார்கள். முடிவு 2011-இல் வந்தது: அளந்து பார்த்தவர்கள் கணக்கில் பலன் ஒன்றும் இல்லை. கடினத் தண்ணீர் நோயைத் தொடங்கிவைப்பதில் பங்கெடுக்கலாம். வந்துவிட்டதை அந்த மெஷின் போக்காது. அதை விற்க வருகிறவர் இரண்டாவது பாதியைச் சொல்லமாட்டார்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதால்தான் தன் பிள்ளைகளுக்கு வரவில்லை என்பது சித்தியின் கட்சி. பிறந்ததிலிருந்து ஒரு வருடம் தினமும் மாய்ஸ்சரைசர் தடவினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாமா என்று இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. 2020-இல் முடிவு: இரண்டு வயதில் பார்த்தால் தடவியவர், தடவாதவர் என்ற வித்தியாசம் இல்லை. அது நல்லெண்ணெய் அல்ல, க்ரீம் என்று சித்தி வாதாடலாம், வாதாடினார். வந்த பிறகு தோலை ஈரமாக வைத்திருப்பது அவசியம், அதில் சந்தேகமில்லை. வருமுன் தடுக்கும் என்பதுதான் நிற்கவில்லை.

பரம்பரை? அதிலும் பாதி உண்மை. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரில் பத்தில் ஒருவரிடம் இந்தப் பழுது உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸிமா வருவதில்லை. சிங்கப்பூர்ச் சீனரிடமும் அதே மரபணுவில் பழுது இருக்கிறது, வேறு வேறு இடத்தில். எத்தியோப்பிய நோயாளிகளிடம் தேடியபோதோ அபூர்வமாகத்தான் கிடைத்தது, எக்ஸிமா என்னவோ அங்கேயும் இருக்கிறது. மரபணு கதவைத் திறந்து வைக்கலாம், உள்ளே வருவது யார் என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

இருப்பதிலேயே எனக்குச் சுவாரசியமான பதில் வேறு திசையிலிருந்து வருகிறது. 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958-இல் பிறந்த 17,414 பிள்ளைகளின் விவரங்களைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தார். வீட்டில் அண்ணன் அக்காமார் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனைக்கு அத்தனை அடுத்த பிள்ளைக்கு மூக்கு ஒவ்வாமை குறைவு. முதல் வயதில் வரும் எக்ஸிமாவும் அப்படியே. மூத்தது பள்ளியிலிருந்து கொண்டுவரும் சளியும் கிருமியும் இளையதின் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சி தருகிறது என்பது அவர் ஊகம். நாலு பெற்ற சித்தியின் வீட்டில் கடைசிப் பையனுக்கு அந்தப் பயிற்சி வேண்டிய மட்டும் கிடைத்திருக்கும். பேத்தி ஒற்றைப் பிள்ளை, பன்னிரண்டாவது மாடி.

ஊகம் என்பதால் ஊகமாகவே விட்டுவிடலாம் என்றால், உகாண்டாவின் என்டெபேயில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 2,500 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. 2011-இல் வெளியானது இது. குடற்புழு கருவில் இருக்கும் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைச் சாந்தப்படுத்தி வைக்கிறது போலிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். புழு இருந்தால் ரத்தசோகை, படிப்பில் மந்தம், வளர்ச்சிக் குறைவு. எக்ஸிமாவுக்குப் பயந்து அதை வாங்கிக்கொள்வது நஷ்ட வியாபாரம். ஜோத்பூரின் குறைந்த எண்ணைக் கொண்டாடத் தயங்குவதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சிறிய எண்ணுக்கு ஒரு பிள்ளை கொடுத்த விலை என்னவென்று அந்தக் கேள்வித்தாள் கேட்கவில்லை.

இந்த வழியில் யோசித்தால் இன்னொன்றும் புரியும். ஐசாக்கின் முதல் சுற்றையும் பிந்தைய சுற்றையும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. 13, 14 வயதுக்காரர்களில் பிரிட்டன், நியூசிலாந்து போன்ற ஏற்கெனவே உயரத்தில் இருந்த நாடுகளில் எண் நின்றுவிட்டது அல்லது இறங்கத் தொடங்கிவிட்டது. மெக்சிகோ, சிலி, கென்யா, அல்ஜீரியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் ஏறுகிறது. சின்ன வயதுக்காரர்களிடமோ பெரும்பாலான இடங்களில் ஏற்றம்தான். நகரங்கள் பெருகும் நாடுகள் பிரிட்டன் 1946-க்கும் 1970-க்கும் இடையில் நடந்த தெருவில் இப்போது நடக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ ஒரு குழந்தை டாக்டரைக் கேட்டால், பத்து வருடத்துக்கு முன்னால் பார்த்ததைவிட இப்போது அதிகம் என்றுதான் சொல்வார். அது ஆய்வு ஆகாது, ஆனால் அந்தத் திசையோடு ஒத்துப்போகிறது.

“வளந்தா போயிருமா, அதச் சொல்லு.”

இதற்கும் கணக்கு உண்டு, இரண்டு கணக்கு, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். 2016-இல் 45 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தைப் பருவ எக்ஸிமாவில் 80 சதவீதம் எட்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இருபது ஆண்டு தாண்டித் தொடர்வது 5 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல செய்தி. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அமெரிக்காவில் மருந்து உபயோகிக்கும் ஏழாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வில், எந்த வயதில் கேட்டாலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அறிகுறி இருப்பதாகவோ மருந்து போடுவதாகவோ சொன்னார்கள். முன்னதில் லேசான எக்ஸிமாவும் உண்டு, பின்னதில் மருந்து தேவைப்படும் அளவுக்கு இருந்தவர்கள். “போய்விட்டது” என்பதையும் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். ஆறு மாதம் வராமல் இருந்துவிட்டு மார்கழியில் தலைகாட்டுவது போனதா, போகாததா? பேத்தியைப் பொறுத்தவரை எல்லா வாய்ப்பும் அவளுக்குச் சாதகம். ஒரேயடியாக மறந்துவிடலாம் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

பிள்ளை நோய் என்றே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். பெரியவர்கள் பக்கம் திரும்பினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. சமீபத்திய உலகக் கணக்கு ஒன்று அடோபிக் டெர்மடைடிஸ் உள்ளவர்கள் மொத்தம் 20.4 கோடி என்கிறது. அதில் பிள்ளைகள் 10.3 கோடி, வயது வந்தவர்கள் 10.1 கோடி. கிட்டத்தட்டச் சரிபாதி. பிள்ளைகளில் 4 சதவீதம், பெரியவர்களில் 2 சதவீதம் என்றாலும் உலகில் பெரியவர்கள் எண்ணிக்கை அதிகம் அல்லவா, தலைக்கணக்கில் சமமாகிவிடுகிறது. எக்ஸிமா உள்ள பெரியவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குச் சின்ன வயதில் ஒன்றுமே இருந்ததில்லை, வளர்ந்த பிறகுதான் தொடங்கியது.

முன்னே சொன்ன 2018 ஆய்வு எட்டு நாடுகளின் பெரியவர்களைக் கேட்டது. அமெரிக்கா 4.9 சதவீதம், ஐரோப்பிய நாடுகள் சேர்த்து 4.4, கனடா 3.5, ஜப்பான் 2.1. ஜப்பான் இங்கே அடியில் இருப்பது வேடிக்கை. ஐசாக்கின் முதல் சுற்றில் 6, 7 வயது ஜப்பான் பிள்ளைகள் ஸ்வீடன் பிள்ளைகளோடு சேர்ந்து 16 சதவீதத்துக்கு மேல் உச்சியில் இருந்தார்கள். பிள்ளைகள் வரிசையை வைத்துப் பெரியவர்கள் வரிசையை ஊகிக்க முடியாது.

நம் நாட்டில் பெரியவர்களை எண்ணப் புறப்பட்டால் இன்னும் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள். ஒன்று பார்த்தீனியம். 1950-களில் புணே பக்கம் கண்ணில் பட்டு, அப்புறம் நாடு முழுக்கத் தரிசிலும் தண்டவாளத்தோரமும் பரவிய செடி. அதன் துகள் காற்றில் பறந்து பட்டால் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று, சொல்லி வைத்தாற்போல எக்ஸிமாவின் இடங்களிலேயே அழற்சி வரும். வயலில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரரைக் கேள்வித்தாள் அடோபிக் கணக்கில் எழுதிக்கொள்ளும், தோல் டாக்டர் செடியைக் கேட்பார்.

மற்றொன்று மெடிக்கல் ஷாப் ட்யூப். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீமை அரிப்புக்கெல்லாம் பெயர் சொல்லி வாங்கித் தடவும் பழக்கம். படர்தாமரை மேல் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும், அதன் வட்ட விளிம்பு அழிந்து பார்ப்பதற்கு எக்ஸிமாவாகவே ஆகிவிடும். தோல் மருத்துவர்கள் பல வருடம் முறையிட்ட பிறகு, 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கும் கடை எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே முப்பது வயதுக்கு மேல் முதல்முறையாக எக்ஸிமா என்று ஒன்று வந்தால், பார்க்க வேண்டியவர் தோல் டாக்டர். அதுவரை தடவிய ட்யூப் எதுவோ, பெயர் ஞாபகமில்லை என்று சொல்லாமல், காலி ட்யூபையே கையோடு எடுத்துப் போங்கள்.